கடலடிக் கிணறுகள் – 7: நாலு கம்பியும் ஒரு புனலும்

எங்கள் ஊரில் கிணற்றுக்குள் வாளி அறுந்து விழுந்தால் பாதாளக் கரண்டி இருக்கிற வீட்டைத் தேடி ஓடுவோம். கொத்தாகக் கொக்கிகள் தொங்கும் அந்த இரும்பை வாங்கி வந்தால் மட்டும் போதாது. அதை இறக்கத் தெரிந்த கை வேண்டும். எங்கள் தெருவில் அது எதிர்வீட்டுப் பெரியப்பாவின் கை. அவர் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கவே மாட்டார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கயிற்றை மெல்லத் துழாவுவார். "தரை தட்டுது", "இது கல்லு", "ஆங், மாட்டிக்கிச்சு" என்று கயிறு வழியாகக் கைக்கு வந்த கனத்தை வைத்தே சொல்லிவிடுவார். அந்தக் கிணறு 40 அடி இருக்கும். இந்த வாரம் நாம் பார்க்கப்போகிறவர்களுக்கும் ஏறக்குறைய அதே வேலைதான். அவர்கள் கயிறு விட்ட ஆழம் சுமார் 13,000 அடி.

கஸ்-1 கப்பலை மெக்சிகோவின் குவாடலூப் தீவுக்கு அருகே விட்டுவிட்டுச் சென்ற வாரம் விடைபெற்றோம். 1961 வசந்தகாலம். பூமியின் மேலோட்டைத் துளைத்து அதற்குக் கீழே இருப்பதைத் தொட்டுவிட வேண்டும் என்ற மோஹோல் திட்டத்தின் முதல் கட்டம் அது. திட்டத்தை நடத்தியவர் வில்லர்ட் பாஸ்கம். எழுத்தாளர் ஜான் ஸ்டெய்ன்பெக்கும் அந்தக் கப்பலில் இருந்தார். லைஃப் பத்திரிகைக்கு அதைப் பற்றி எழுதினார். சுமார் 11,700 அடித் தண்ணீருக்கு அடியில் ஐந்து துளைகள் போட்டார்கள். மிக ஆழமானது கடல்தரைக்குக் கீழே 601 அடி போய் எரிமலைப் பாறையைத் தொட்டது. அதுவரை எவரும் செய்யாத சாதனை.

ஆனால் அந்த ஐந்து துளைகளில் எதற்குள்ளும் அவர்களால் இரண்டாம் முறை நுழைய முடியவில்லை. நம்மூர் போர்வெல் லாரிக்காரரைக் கேட்டுப் பாருங்கள். பிட் மழுங்கினால் ராடையெல்லாம் மேலே எடுத்து, புது பிட் மாட்டி, திரும்ப அதே துளைக்குள் இறக்குவார். துளை கண் முன்னே, காலடியில் இருக்கிறது. அதைத் தேட வேண்டியதில்லை. கஸ்-1 கப்பலில் பிட் மழுங்கிக் குழாயை மேலே இழுத்த அந்த நிமிடமே கடலுக்கடியில் இருந்த துளை தொலைந்துபோனது. ஒரு பிட் எவ்வளவு தூரம் உழைக்குமோ அவ்வளவுதான் அந்தக் கிணற்றின் ஆயுள்.

1966-இல் அமெரிக்க நாடாளுமன்றம் மோஹோலுக்குப் பணம் தர மறுத்ததோடு அந்தத் திட்டம் முடிந்தது. அதைத் தோல்விகளின் பட்டியலில் சேர்ப்பது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நங்கூரம் எட்டாத ஆழத்தில், நாலு மூலையிலும் திருப்பக்கூடிய மோட்டார்களைப் பூட்டி, ஒரு கப்பலை ஒரே இடத்தில் நிறுத்திவைக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியது அந்தத் திட்டம்தான். கடலடிக் கிணறுகளின் கேள்வியை அது இரண்டாகப் பிளந்து வைத்தது. மேலே கப்பலை நிறுத்துவது எப்படி? கீழே துளையைத் திரும்பக் கண்டுபிடிப்பது எப்படி? முதலாவதற்கு அது விடை சொன்னது. இரண்டாவதை விட்டுவிட்டுப் போனது.

இரண்டாவது கேள்விக்கு ஆழம் குறைந்த கடலில் எண்ணெய்க்காரர்கள் ஒரு விடை வைத்திருந்தார்கள். அதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். இன்றுவரை நடக்கும் எல்லாவற்றுக்கும் மூலம் அதில் இருக்கிறது.

முதலில் கப்பலிலிருந்து ஒரு கனத்த இரும்புச் சட்டத்தைக் கடல்தரையில் இறக்கி உட்கார வைப்பார்கள். நடுவில் பெரிய ஓட்டை. அதன் நாலு மூலையிலிருந்தும் நாலு எஃகுக் கம்பிகள் மேலே கப்பல் வரை வரும். கம்பிகளை விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டால், கடலுக்கடியில் இருக்கும் ஓட்டைக்கும் மேலே இருக்கும் மனிதனுக்கும் இடையில் ஒரு பாதை உண்டாகிவிடுகிறது. இனிக் கீழே போகும் எதுவும் அந்த நாலு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு வழுக்கிப் போனால் போதும்.

36 அங்குலத் துளை போட்டு, அதில் 30 அங்குலக் குழாயை இறக்கி, சுற்றிலும் சிமென்ட் ஊற்றுவார்கள். இந்தக் குழாயோடு நிலையான வழிகாட்டித் தளமும் சேர்ந்து இறங்கும். அதன் நாலு மூலையிலும் நாலு தூண்கள். ஒவ்வொரு தூணும் கிணற்றின் மையத்திலிருந்து 6 அடி. பின்னாளில் இந்த அளவு தொழில் முழுவதற்கும் பொதுவாகிவிட்டதால், ஒரு கம்பெனி செய்த உபகரணம் இன்னொரு கம்பெனி வைத்த தளத்தின்மேல் பொருந்தியது. அடுத்து 20 அங்குலக் கேசிங் குழாய். அதன் உச்சியில்தான் கிணற்றுத் தலை: தடித்த எஃகுக் கழுத்து, உள்விட்டம் பெரும்பாலும் 18¾ அங்குலம். கிணற்றின் முழு அழுத்தத்தையும் தாங்கப்போவது அந்தக் கழுத்து.

கொத்தனார்கள் முதல் வரிசைக் கல்லுக்கு ஏன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். இங்கேயும் அப்படித்தான். முதலில் இறங்கும் தளம் சாய்ந்து உட்கார்ந்தால், அதன்மேல் வரும் ஒவ்வொன்றும் அந்தச் சாய்வைச் சுமக்கும். ஒரு பாகை சாய்வு என்று காகிதத்தில் படித்தால் ஒன்றுமில்லை போலிருக்கும். சுழலும் துளைக் குழாய் மாதக்கணக்கில் கிணற்றுத் தலையின் ஒரே பக்கத்தில் உரசிக்கொண்டிருக்கும்போது அந்த ஒரு பாகை எஃகைத் தின்னத் தொடங்கும். அதனால் தளத்தின்மேலேயே ஒரு ரசமட்டம் பொருத்தினார்கள். கண்ணாடிக் குமிழுக்குள் ஒரு சிறு உருண்டை. உள்ளே வட்டம் வட்டமாகக் கோடுகள். கம்பிகளின் வழியே டெலிவிஷன் கேமராவை இறக்கி, உருண்டை எந்த வட்டத்தில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்வார்கள். சிமென்ட் இறுகுவதற்கு முன்னால் பார்த்தாக வேண்டும். இறுகிவிட்டால் அந்தக் கிணற்றின் சாய்வு அதன் விதியாகிவிடும்.

இனி பி.ஓ.பி. என்ற வெடிப்புத் தடுப்புத் தொகுதி. கிணறு சீறிக்கொண்டு வந்தால் அதன் கழுத்தை நெரித்து மூடும் வால்வுகளின் அடுக்கு இது. இன்றைய ஆழ்கடல் தொகுதிகள் 300 டன்னைத் தாண்டுகின்றன. அந்தக் கனத்தை ரைசர் என்ற அகலக் குழாயின் முனையில் கட்டி, குழாய்க்கு மேல் குழாயாக மாட்டி மாட்டி இறக்குவார்கள். தொகுதியின் நாலு மூலையிலும் கவிழ்த்த புனல்கள். ஒவ்வொரு புனலின் நடுவிலும் ஒரு கம்பி ஓடுகிறது. கம்பி புனலைத் தூணுக்கு மேலே கொண்டுவந்து விடும். தூணின் கூரிய உச்சி புனலுக்குள் நுழையும். தூண் தொகுதியை நேராக்கிக் கிணற்றுத் தலைக்கு மேலே கொண்டுவரும். தொகுதியின் அடியில் இருக்கும் இணைப்பானின் சரிந்த வாய் எஃகுக் கழுத்தைக் கவ்வி, கடைசி அங்குலத்தின் பிசகையும் சரிசெய்யும். கம்பி விட்ட பிழையைத் தூண் திருத்தும், தூண் விட்டதை இணைப்பானின் வாய் திருத்தும். யாரும் ஒரே வீச்சில் ஊசிக்காதில் நூலைக் கோர்க்கவில்லை. பெரிய வாயிலிருந்து சிறிய வாய்க்கு, அதிலிருந்து இன்னும் சிறிய வாய்க்கு என்று கைமாற்றிக் கொடுத்துக்கொண்டே போனார்கள். கடலடி எந்திரவியலின் முழு சூட்சுமமும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

படிக்க எளிதாக இருக்கிறது. ஆனால் மேலே கப்பல் அலையில் ஏறி இறங்குகிறது. அதோடு சேர்ந்து அத்தனை டன்னும் கீழே ஏறி இறங்குகிறது. அந்த அசைவை விழுங்கிக்கொள்ளும் கருவிகள் பின்னாளில்தான் வந்தன. அதற்கு முன்பு, கிணற்றுத் தலைக்குச் சில அடி மேலே தொகுதியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். அலைகளுக்கு ஒரு தாளம் உண்டு. பெரிய அலைகள் சில வந்து போனபின் கொஞ்சம் ஓய்வு. அந்த ஓய்வைப் பார்த்து பிரேக்கைத் தளர்த்த வேண்டும். அவசரப்பட்டால் எஃகோடு எஃகு மோதும். இணைப்பானுக்கும் கழுத்துக்கும் நடுவே ஓர் எஃகு வளையம் இருக்கிறது. ஒருவர் கையில் தூக்கக்கூடியது. அந்த வளையத்தின் சரிந்த விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் போதும், இணைப்பு அழுத்தம் தாங்காது. அத்தனை டன்னையும் திரும்ப மேலே இழுத்து, வளையத்தை மாற்றி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நல்லபடியாக உட்கார்ந்தால், எண்ணெய் அழுத்தத்தால் இணைப்பானின் பற்கள் கழுத்தைச் சுற்றி இறுகும். உடனே நம்பிவிட மாட்டார்கள். மேலே இழுத்துப் பார்ப்பார்கள். கனம் ஏறினால் கவ்விவிட்டது என்று அர்த்தம். பெரியப்பாவின் "மாட்டிக்கிச்சு" இதுதான்.

இந்த முறையை மிதக்கும் மேடையோடு சேர்த்து ஒரு முழுத் தொழிலாக ஆக்கியது ஷெல் நிறுவனம். கடல்தரையில் உட்கார்ந்து துளைபோடும் ஒரு மேடையைப் பாதி மூழ்கிய நிலையில் இழுத்துச் செல்லும்போது அது அலையில் அதிகம் ஆடுவதில்லை என்பதை புரூஸ் காலிப் என்ற பொறியாளர் கவனித்தார். அதிலிருந்து பிறந்தது புளூவாட்டர்-1 என்ற மிதவை மேடை. 1962-இல் மெக்சிகோ வளைகுடாவில் 300 அடித் தண்ணீரில் அது வேலை செய்துகாட்டியது. அடுத்த ஆண்டு ஷெல் ஒரு பள்ளிக்கூடமே நடத்தியது. தாங்கள் கற்றதையெல்லாம் போட்டி நிறுவனங்களுக்கே சொல்லிக்கொடுத்தார்கள். நிறுவனத்துக்கு 1,00,000 டாலர் கட்டணம். தொழில் ரகசியத்தை விற்பது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் ஆழ்கடலில் ஏலம் கேட்க ஒரே ஒரு நிறுவனம்தான் இருக்கிறது என்றால் அரசு அந்தக் கடலை ஏலத்துக்கே விடாது என்பது அவர்கள் கணக்கு.

எல்லாம் கம்பிகளின் வழியே நடக்குமா? சில வேலைகளுக்குக் கை வேண்டும். கம்பி சிக்கிக்கொண்டால் விடுவிக்க, போல்ட்டைத் திருக, வால்வைத் திறக்க, மூழ்காளர் இறங்க வேண்டும். மூழ்காளரால் எவ்வளவு ஆழம் போக முடியும் என்பதே கிணற்றின் எல்லையாக இருந்தது. 1962 டிசம்பர் 3-ஆம் தேதி, கலிபோர்னியாவின் கேட்டலினா தீவுக்கு அருகே, சுவிட்சர்லாந்தின் ஹன்னஸ் கெல்லரும் பிரிட்டிஷ் பத்திரிகையாளர் பீட்டர் ஸ்மாலும் ஒரு மூழ்குமணிக்குள் அமர்ந்து 1,000 அடிக்கு இறங்கினார்கள். கெல்லர் வெளியே வந்து தரையில் கொடி ஊன்ற முயன்றார். கொடி அவருடைய சுவாசக் குழாய்களில் சிக்கிக்கொண்டது. எப்படியோ உள்ளே திரும்பிவிட்டார். கெல்லர் பிழைத்தார். ஸ்மால் உயிர் பிழைக்கவில்லை. உதவிக்கு இறங்கிய இளம் மூழ்காளர் ஒருவரும் திரும்பி வரவில்லை. ஒரு கொடியை ஊன்றுவதற்கே இந்த விலை என்றால், அந்த ஆழத்தில் போல்ட் திருகுவது எப்படி?

அதே ஆண்டில் ஷெல் வேறொரு கையைக் கடலுக்குள் அனுப்பியிருந்தது. ஹியூஸ் விமான நிறுவனத்தோடு சேர்ந்து செய்த மோபாட். டெலிவிஷன் கண், சோனார் காது, நீந்துவதற்குச் சுழலிகள், மூக்கின் நுனியில் ஒரு ஸ்பேனர். கிணற்றுத் தலையைச் சுற்றி வட்டமாக ஒரு தண்டவாளம் வைத்தார்கள். மோபாட் நீந்தி வந்து அந்தத் தண்டவாளத்தில் ஏறிக்கொள்ளும். சுற்றி வந்து ஒவ்வொரு போல்ட்டாகத் திருகும். இதிலும் அதே சூட்சுமம் இருப்பதைப் பாருங்கள். போல்ட்டை எந்திரம் தேடிக்கொண்டிருக்கவில்லை; தண்டவாளம் அதைப் போல்ட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

ஆனாலும் கம்பிகளுக்கு ஓர் எல்லை இருந்தது. ஆழம் கூடக் கூட அவற்றை விறைப்பாக வைப்பது கடினம். நீரோட்டத்தில் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். நங்கூரமில்லாமல் மோட்டார்களின் பலத்தில் நிற்கும் கப்பலோ காற்றுக்கும் அலைக்கும் ஏற்ப முகத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கும். அதில் நாலு கம்பி கட்டினால் ஜடை பின்னியதுபோல் ஆகிவிடும். ஆழ்கடலுக்கு வேறு வழி வேண்டியிருந்தது. அது எண்ணெய் தேடாத ஒரு கப்பலிலிருந்து வந்தது.

குளோமர் சேலஞ்சர், 400 அடி நீளம். கஸ்-1 கப்பலை நடத்தியவர்களிடமிருந்து பிறந்த குளோபல் மரைன் நிறுவனத்தின் கப்பல். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பணத்தில், ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தின் மேற்பார்வையில் 1968-இல் புறப்பட்டது. கடல்தரையில் வைத்த ஒலிக்கருவி ஒன்று விடாமல் ஒலித்துக்கொண்டிருக்க, கப்பலின் அடியில் இருந்த காதுகள் அதைக் கேட்டு, கணினி தானாகவே மோட்டார்களை இயக்கிக் கப்பலை நிறுத்திவைத்தது. மோஹோல் விட்டுப்போன முதல் விடை இங்கே முதிர்ந்துவிட்டது. இரண்டாவது கேள்வி அப்படியே இருந்தது. அட்லாண்டிக்கின் அடியில் செர்ட் என்ற பாறை படுத்திருந்தது; நம் சிக்கிமுக்கிக் கல்லின் இனம். பிட்கள் அதில் மோதித் தேய்ந்தன. பிட் தேய்ந்தால் துளை போயிற்று. விஞ்ஞானிகள் ஆவலோடு காத்திருந்த அடுக்குகள் அந்தக் கல்லுக்குக் கீழே இருந்தன.

அவர்கள் செய்தது ஒரு புனல். வாயின் அகலம் 16 அடி. அதைக் கடல்தரையில் இறக்கி, அதன் கழுத்தின் வழியே துளை போடுவார்கள். விளிம்பில் ஒலியைத் திருப்பி அனுப்பும் மூன்று எதிரொலிப்பான்கள். பிட் தேய்ந்ததும் குழாய் முழுவதையும் மேலே இழுத்து, புது பிட்டோடு திரும்ப இறக்குவார்கள். பிறகு குழாய்க்குள்ளேயே ஒரு சோனார் கருவியை இறக்கினால், அது பிட்டின் நடுத்துளை வழியாகத் தலையை நீட்டிச் சுற்றிச் சுற்றிக் கூவும். 1970 ஜூன் 14-ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து தென்கிழக்கே, 10,000 அடித் தண்ணீரில் சோதனை வெற்றி பெற்றது.

சோதனை வேறு, வேலை வேறு. அது அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று கரீபியன் கடலில் நடந்தது. தண்ணீர் சுமார் 13,000 அடி, குழாய் 5 அங்குலத் தடிமன். இந்த அளவுகளை நம் கண்ணுக்கு எட்டும்படி சுருக்கிப் பார்த்தேன். குழாயை அரை மில்லிமீட்டர் தையல் நூலாக நினைத்துக்கொண்டால், ஐந்து மாடிக் கட்டிடத்தின் மொட்டை மாடியிலிருந்து அந்த நூலைத் தொங்கவிட வேண்டும். கீழே இருக்கும் புனலின் வாய் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே சிறியது. மாடியோ நகர்கிறது. இடையில் காற்று வீசுகிறது. நேரம் நள்ளிரவு, விளக்கு கிடையாது.

சோனார் திரையில் முதலில் ஒரு கலங்கல். பிறகு மூன்று புள்ளிகள். அந்த மூன்றின் நடுவே குழாயின் நுனி வர வேண்டும். கப்பலைச் சில அடி நகர்த்துவார்கள். குழாய் உடனே நகராது. இவ்வளவு நீளமான குழாய் சோம்பேறி ஊசல்போல, கப்பல் போன பிறகு யோசித்து யோசித்துப் பின்னால் வரும். அதுவரை பொறுத்திருந்து, மறுபடி திரையைப் பார்த்து, மறுபடி கொஞ்சம் நகர்த்த வேண்டும். நுனி நடுவுக்கு வரும் தருணத்தில் குழாயைச் சட்டென்று இறக்க வேண்டும். இறக்கியபின் உள்ளே போனதா என்று பார்க்கக் கண் இல்லை. சோனாரையும் மேலே எடுத்தாயிற்று. கப்பலில் குழாயின் எடை காட்டும் முள் ஒன்று இருக்கிறது. குழாயை இன்னும் கீழே விடுவார்கள். நுனி சேற்றில் குத்தியிருந்தால் தரை குழாயைத் தாங்கும், முள் குறையும். கடல்தரை மட்டத்தையும் தாண்டிக் குழாய் போய்க்கொண்டே இருக்க, முள் அசையாமல் நின்றால், அது துளைக்குள் இருக்கிறது.

அன்று முள் அசையவில்லை. தேய்ந்த பிட் விட்ட இடத்திலிருந்து புது பிட் தொடங்கியது. நில அதிர்வு வரைபடங்களில் வெறும் கோடாக மட்டும் தெரிந்த அடுக்கை எட்டி, அது டோலரைட் என்ற எரிமலைப் பாறை என்று கையில் எடுத்துக் காட்டினார்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் குவாடலூப் தீவருகே தொலைந்துபோன ஐந்து துளைகளுக்கும் கிடைத்த பதில் அது.

எண்ணெய்க்காரர்கள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1971-இல் செட்கோ 445 வந்தது. மோட்டார்களால் தானே நிற்கும் கப்பலிலிருந்து, ரைசரும் பி.ஓ.பி.யும் இறக்கிக் கிணறு தோண்டத் தொடங்கினார்கள். நாலு கம்பிகள் போய்விட்டன. அவற்றின் இடத்தில் ஒரு பெரிய புனலும் சோனாரும் கேமராவும்.

கம்பிகளோடு இன்னொன்றும் போய்விட்டது. அதை அப்போது பலரும் பெரிதாக எண்ணவில்லை. நாலு தூண்கள் இருந்தவரை, கிணற்றுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று ஒரு திசை இருந்தது. புனல் வட்டம், அதற்கு முகம் இல்லை. துளை போடுவதற்கு முகம் தேவையில்லை. எண்ணெய் எடுப்பதற்கு வேண்டும். கிணற்றுத் தலையின்மேல் கடைசியாக உட்காரும் வால்வு மரத்துக்கு, கிறிஸ்துமஸ் மரம் என்றுதான் அந்தத் தொழிலில் பெயர், ஒரு பக்கத்தில் எண்ணெய் வெளியேறும் வாய் இருக்கும். கடல்தரையில் குழாய்ப்பாதை கிழக்கே படுத்திருக்க, மரத்தின் வாய் வடக்கே பார்த்து உட்கார்ந்தால், அத்தனை பொருத்தமும் வீண். அதற்காக, உள்ளே இறங்கும் எஃகு உருளையின்மேல் திருகுச் சரிவு ஒன்றைக் கடைந்தார்கள். வெளியிலிருந்து நீளும் ஒரு முளை அந்தச் சரிவில் பட்டதும், இறங்கும் உருளை தன் எடையாலேயே வழுக்கித் திரும்பிக்கொண்டு போகும். எந்த முகத்தோடு இறங்கினாலும், சரிவு முடிகிற இடத்தில் ஒரே ஒரு பள்ளம்தான். அதில் முளை விழும்.

(தொடரும்)